பிஷப் கேட்டார், ஆட்டிடையன் சொன்னான்

மத்திய கால ஐரோப்பா என்றதும் கண்முன் வருபவை கோட்டைகள், கவசம் அணிந்த குதிரை வீரர்கள், வானளாவிய தேவாலயங்கள். அந்தக் கோட்டைக்குக் கீழே வயலில் உழுதவன் என்ன சாப்பிட்டான், அவன் மனைவி யாரிடம் மனம்விட்டுப் பேசினாள், சாவைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டால் வரலாறு பெரும்பாலும் கையை விரித்துவிடும். எழுதத் தெரிந்தவர்கள் பாதிரியார்களும் பிரபுக்களின் கணக்கர்களும்தான். அவர்கள் குடியானவனைப் பற்றி எழுதியது, வரி வாங்க வேண்டியிருந்தபோது.

இதற்கு அபூர்வமான விதிவிலக்கு மோந்தாயூ. பிரான்சின் தென்கோடியில், பிரனீஸ் மலைச்சரிவில் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிறு கிராமம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தவர்கள் 250 பேருக்கு மேல் இல்லை. ஆனால் அவர்களில் பலர் பேசிய பேச்சு இன்றும் வத்திக்கான் நூலகத்தில், லத்தீன் ஏடு ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. காரணம், அவர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டிருந்தது.

குற்றம், கதார் என்ற சமயப் பிரிவின் மீது பற்று. கண்ணால் காண்கிற இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு, ஆன்மா மட்டுமே இறைவனுடையது என்பது கதார்களின் நம்பிக்கை. அவர்களுடைய துறவிகள் இறைச்சி, முட்டை, பால் தொடமாட்டார்கள், பெண்ணையும் தொடமாட்டார்கள். விடுதலை பெறாத ஆன்மா உடல் விட்டு உடல் பாயும், மிருகமாகவும் பிறக்கும் என்றார்கள். முற்பிறவியில் குதிரையாக இருந்த ஒருவர், அப்போது தொலைத்த லாடத்தை அதே இடத்தில் தேடி எடுத்தார் என்ற கதை இடையர்களிடையே உலவியது. இந்திய வாசகருக்கு இது அதிக வியப்பைத் தராது. ரோமாபுரித் திருச்சபைக்கோ இது பொறுக்கவில்லை. 1209ல் சிலுவைப் போர் தொடுத்தது. 1244ல் மோன்சேகூர் கோட்டை விழுந்தபோது 200க்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டார்கள். எஞ்சிய நம்பிக்கை மலைக் கிராமங்களில் ஒளிந்துகொண்டது.

1308ல் மத விசாரணை அதிகாரிகள் மோந்தாயூவையே வளைத்துப் பெரியவர்களைக் கைது செய்தார்கள். பத்தாண்டு கழித்து விசாரணையைக் கையில் எடுத்தவர் பாமியேர் நகரின் பிஷப் ழாக் ஃபூர்னியே. அந்த மண்ணில் பிறந்தவர், அந்த மக்களின் பேச்சுமொழி தெரிந்தவர். 1318 முதல் 1325 வரை விசாரித்தார். சித்திரவதையை அவர் அதிகம் நாடவில்லை. அவரது ஆயுதம் பொறுமை. எந்தச் சிறு விவரத்தையும் விடாமல் கேட்பார். யார் வீட்டில்? அடுப்படியிலா, மாடியிலா? அப்போது யார் கூட இருந்தார்கள்? வாக்குமூலம் ஆக்சிதான் மொழியில் வரும். எழுத்தர் லத்தீனில் எழுதுவார். பிறகு அதை மீண்டும் அவர்கள் மொழியில் சொல்லிக்காட்டி, திருத்தம் உண்டா என்று கேட்பார்கள். இதே ஃபூர்னியேதான் 1334ல் பன்னிரண்டாம் பெனெடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார்.

பிஷப் தேடியது மதத்துரோகம். கிடைத்ததோ ஒரு கிராமத்தின் முழு வாழ்க்கை. வீட்டின் நடுவே அடுப்பு, பக்கத்திலேயே ஆடுகள். ரொட்டி, முட்டைக்கோஸ் சூப், கொஞ்சம் பன்றி இறைச்சி. பெண்கள் தலையில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுவருவார்கள். வெயிலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பார்கள். ஊர்வம்பும் இறையியலும் அப்போதுதான் அலசப்படும். பேன் பார்ப்பது உறவின் அடையாளம். தாய் மகனுக்குப் பார்ப்பாள், காதலி காதலனுக்குப் பார்ப்பாள். நேரத்தைச் சொல்ல, இரண்டு ஜெபம் சொல்லும் நேரம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வீடு. குடும்பத் தலைவர் க்ளெர்க் இறந்தபோது, வீட்டின் அதிர்ஷ்டம் போய்விடக்கூடாது என்று பிணத்திலிருந்து முடியும் நகமும் வெட்டி எடுத்து வைத்தார்கள்.

அந்த வீட்டின் மகன் பியேர் க்ளெர்க் ஊர்ப் பாதிரியார். தேவாலயத்தில் பூசை செய்தார். ரகசியமாகக் கதார்களை ஆதரித்தார். வேண்டாதவர்களை விசாரணை மன்றத்துக்குக் காட்டியும் கொடுத்தார். ஊரில் பல பெண்களுடன் அவருக்குத் தொடர்பு. விதவையான சீமாட்டி பெயாத்ரிஸ் த ப்ளானிசோல் அதையெல்லாம் பிஷப்பிடம் விவரமாகச் சொன்னாள். அவளுக்குச் சிறை கிடைத்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து, உடையில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வெளியே வந்தாள். பாதிரியார் சிறையிலேயே இறந்தார்.

துறவிகளும் அப்பழுக்கற்றவர்கள் அல்ல. கடைசிக் கதார் குருவான பெலிபாஸ்ட் தன்னுடன் வாழ்ந்த பெண் கருவுற்றதும், பழியை மறைக்க, தன் பக்தனான இடையன் பியேர் மோரிக்கு அவளை மணம் முடித்து, சில நாட்களில் அந்த மணத்தை ரத்தும் செய்தார். மோரி விவரமானவன்தான். ஆனாலும் நட்பை விடவில்லை. 1321ல் பெலிபாஸ்ட் எரிக்கப்பட்டார். அவரைப் பக்தன் வேடத்தில் நெருங்கிக் காட்டிக்கொடுத்த அர்னோ சிக்ருக்கு ஒரு கணக்கு இருந்தது. கதார் என்பதற்காக எரிக்கப்பட்ட தன் தாயின் வீடு பறிமுதலாகியிருந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும்.

இந்த ஏட்டை வைத்து இமானுவேல் ல ருவா லதூரி 1975ல் எழுதிய 'மோந்தாயூ' நூல் பிரான்சில் லட்சத்துக்கு மேல் விற்றது. 2023ல் மறைந்த அவரது புகழ் பெரும்பாலும் அந்த நூலால் வந்தது. விமர்சனமும் வந்தது. விசாரணைக் கூண்டில் நின்றவன் சொன்னதை, திண்ணையில் உட்கார்ந்து மனம்விட்டுச் சொன்னதுபோல் எடுத்துக்கொள்ளலாமா என்று மானிடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ கேட்டார். நியாயமான கேள்வி. எதிரே இருப்பவர் கையில் சிறைச்சாவி இருக்கும்போது யாரும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. உயிர் தப்பச் சொன்னதும், உறவைக் காக்க மறைத்ததும், இறந்தவர் தலையில் போட்டதும் அந்த ஏட்டில் கலந்தே இருக்கின்றன.

ஆனால் சில வாக்குமூலங்கள் இந்தச் சந்தேகத்தையும் தாண்டி நிற்கின்றன. ஆர்க் ஊரைச் சேர்ந்த சிபில் பியேரின் குழந்தை ஜாக்லினுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை, சாகக் கிடந்தது. கதார் துறவி வந்து இறுதிச் சடங்கு செய்தார். சடங்குக்குப் பிறகு குழந்தைக்குப் பால் தரக்கூடாது. பட்டினி கிடந்து தூய்மையாக இறந்தால் அது தேவதையாகும். கணவனுக்கு மெத்த மகிழ்ச்சி. அவனும் துறவியும் வெளியே போனதும் சிபில் குழந்தையை எடுத்துப் பால் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்த கணவன் சினந்தான். வெகுநாள் அவளிடமும் குழந்தையிடமும் அன்பு காட்டவில்லை. குழந்தை அதற்குப் பிறகு ஓராண்டு உயிரோடிருந்தது.

திருச்சபைக்கு அந்தச் சடங்கு குற்றம். கணவனுக்கு அந்தப் பால் குற்றம். இரண்டுக்கும் நடுவே அவள் செய்தது என்ன என்று எழுத்தர் லத்தீனில் எழுதிவைத்தார். அவர் தேடியது அதுவல்ல. ஆனாலும் அது எழுத்தில் நின்றுவிட்டது.