ஒரு நாளிற் பட்டணம் பார்த்தல்

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம் நாட்டிற் பல்லாண்டாக வழங்கி வரும் பழமொழி. பிழைப்புத் தேடுவோர்க்கெனப் பிறந்த அம்மொழி, இக்காலத்தில் விடுமுறை கழிப்போர்க்கும் பொருந்துவதாயிற்று. கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் தென் மாவட்டங்களிலிருந்து குடும்பங் குடும்பமாகச் சென்னைக்குப் புறப்படுவோர் பலர். உறவினர் வீட்டுத் திருமணமோ, மருத்துவமனைக் காரியமோ முடிந்தபின் ஒரு நாள் எஞ்சும். அவ்வொரு நாளிற் பட்டணம் முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். வீட்டிற் கல்லூரி சென்று பயில்வார் ஒருவர் இருப்பின், ‘நீதான் படித்த பிள்ளை, நீயே ஏற்பாடு செய்’ என்று அப்பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பர். ஆதலின் இப்பொருள் நம் கல்லூரி மலரிற் பேசத் தகாத சிறுபொருள் அன்று.

அங்ஙனம் பொறுப்பேற்ற நாம் யாது செய்கின்றோம்? பெயர் பெற்ற இடங்களையெல்லாம் கைப்பேசியிற் தேடி ஒரு தாளில் வரிசையாக எழுதுகின்றோம். கோட்டை, உயர்நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியகம், வள்ளுவர் கோட்டம், கிண்டிச் சிறுவர் பூங்கா, பரங்கிமலை, மயிலைத் திருக்கோயில், சாந்தோம் பேராலயம், கலங்கரை விளக்கம், மெரினாக் கடற்கரை என இடங்கள் பத்தாகின்றன. ‘இவ்வளவு தொலைவு வந்தும் மாமல்லபுரம் காணாமற் போவதா?’ என்பார் சித்தப்பா. ‘வண்டலூரிற் புலி காட்டுவதாகச் சொன்னீர்களே!’ என்பான் சிறுவன். இடங்கள் பன்னிரண்டாயின.

இனிக் கணக்கைப் பார்ப்போம். காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை 600 நிமிடங்கள் உள. பன்னிரண்டாற் பங்கிட்டால் ஓரிடத்திற்கு 50 நிமிடம் கிடைக்கும். வழிப்போக்கும், உணவும், நுழைவுச் சீட்டுக்கு நிற்றலும், செருப்பைக் கழற்றி மாட்டுதலும் அவ்வைம்பதினுள்ளேயே அடங்குதல் வேண்டும். சென்னை மாநகராட்சியின் பரப்போ 2011ஆம் ஆண்டில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வண்டலூர் உயிரியற் பூங்கா நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. மாமல்லபுரம் 50 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. எழுதுவோர் இக்கணக்கை முடிவுவரை போட்டுப் பாராமையால், நடப்போர் அதனைக் காலாற் போட்டு முடிக்கின்றனர்.

இவ்வாறு வகுத்த நாளின் பாரம் எல்லார்மீதும் ஒருபடித்தாக விழுவதில்லை. இளையோர் ஓடியோடிப் பார்ப்பர். பாட்டியாரோ, ‘நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று வாயிற்படியில் அமர்ந்து, பைகளையும் செருப்புகளையும் காத்திருப்பார். பன்னிரண்டு இடங்களின் வாயில்களே அவர் கண்ட பட்டணம். அன்னையார் விடியுமுன் எழுந்து எல்லார்க்கும் புளிச்சோறு கட்டியிருப்பார். நீர் அருந்தினால் ஒதுங்க இடம் கிடைக்குமோ கிடையாதோ என்று அஞ்சிப் பகல் முழுதும் நா வறள நடப்பார். அதனை அவர் வாய்விட்டு உரைப்பதில்லை, நாம் கேட்பதுமில்லை. நடுப்பகலிற் சிறுவன் அழுவான், தந்தையார் சினந்துகொள்வார். இரவு இரயிலேறியபின் ஒருவரோடொருவர் பேசவும் வலியற்று உறங்கிவிடுவர்.

ஆகலின் யாம் வலியுறுத்த விழைவது இதுவே: ஒரு நாட் பயணத்தை, குடும்பத்தில் மிக மெல்ல நடப்பவரின் நடையை அளவுகோலாகக் கொண்டு வகுத்தல் வேண்டும். அவர் களைப்பின்றிக் காணத்தக்க இடங்கள் மூன்றாயின், அம்மூன்றே போதும். ஆதியாகமத்தில் யாக்கோபு, உடன்வருமாறு அழைத்த தமையன் ஏசாவை முன்னே போகவிட்டுத் தான் குழந்தைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் ஏற்ப மெல்ல வருவதாகச் சொன்ன செய்தியை நாம் வாசித்திருக்கின்றோம். ஒரு நாள் மிகையாக ஓட்டினாலும் மந்தை மடிந்துபோம் என்பது அம்மேய்ப்பனுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு குடும்பத்தை அழைத்துச் செல்வோர்க்கும் வேண்டும்.

இதற்கு வலியதொரு மறுப்புண்டு. ‘அடிக்கடி சென்னைக்கு வரும் செல்வர்க்கு இவ்வறிவுரை பொருந்தும். நெல்லைச் சீமையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வந்து செல்ல, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைச் செலவிடும் எளியோர், மூன்றே இடங் கண்டு திரும்புவதா? மறுமுறை வருதற்கு உறுதி யாது?’ என வினவுவர். இவ்வினாவை எளிதில் ஒதுக்குதற்கில்லை. நம்மோடு பயில்வார் பலரின் இல்லநிலை இதுவே. ஆயினும், ஒருமுறையே வாய்க்கும் நாள் என்பதனாலேயே அதனைச் சிதறவிடலாகாது. இலையில் ஒவ்வொரு பண்டமும் விழுந்த அளவிலேயே உண்போரை எழுப்பி அடுத்த பந்திக்கு அனுப்பினால், அதனை விருந்தென்று யார் சொல்வர்? மேலும், மறுமுறை என்பது வீட்டில் எல்லார்க்கும் ஒன்றன்று. இளையோர் படிப்பிற்கோ வேலைக்கோ நாளை மீண்டும் சென்னைக்கு வருதல் கூடும். எழுபது கடந்த பாட்டியார்க்கு அது அரிது. எவர்க்கு இது கடைசிப் பயணமாதல் கூடுமோ, அவர்க்கே இந்நாள் முதலில் உரியது. ஆதலாற் திட்டம் எழுதுமுன் அவரை அணுகி, ‘பாட்டி, தாங்கள் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?’ என்று கேட்போமாக. ‘கடலைப் பார்த்தாற் போதும்’ என்று அவர் கூறின், அந்நாளின் நடுநாயகம் கடலே.

இக்கொள்கை நடைமுறைக்கு ஒத்துவருமோ எனின், ஒரு திட்டம் வகுத்துக் காட்டுவோம். முதற்கண் கிழமை பார்த்தல் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு வெள்ளி விடுமுறை. வண்டலூர்ப் பூங்காவிற்குச் செவ்வாய் விடுமுறை. திருக்கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலை நான்கு மணியளவில் திறக்கும். ஞாயிறு மாலை கடற்கரையில் நெரிசல் மிகுதி. காணும் பொங்கலன்று சொல்ல வேண்டா. ஆகவே புதன் அல்லது வியாழன் கொள்வது நன்று.

அன்று காலை, 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற எழும்பூர் அருங்காட்சியகம் செல்லலாம். எழும்பூரில் இரயிலிறங்குவோர்க்கு அஃது அண்மையிலுள்ளது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் அங்குள. எல்லாக் கூடங்களையும் சுற்றிவரும் வேட்கையை அடக்கி, பெரியோர்க்குச் செப்புத் திருமேனிக் கூடமும், சிறுவர்க்கு விலங்குகளின் கூடமும் என இரண்டைத் தேர்ந்து, அமர்ந்து பார்க்க வேண்டும். நண்பகல் உணவுக்குப்பின் இரண்டு மணி நேரம் வெயிலிற் புறப்படாது ஓரிடத்தில் இளைப்பாறல் வேண்டும்.

பிற்பகலில் மயிலை செல்லலாம். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறையிருந்த இடமென மரபு கூறும் சாந்தோம் பேராலயத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வெண்கோபுரத்தின்கீழ்ச் சிறிதுநேரம் அமைதியாக இருத்தல் முதியோர்க்கு எளிது. விழைவோர் சிறிது தொலைவிலுள்ள கபாலீசுவரர் திருக்கோயிலின் கோபுரத்தையும் குளத்தையும் கண்டு வரலாம்.

ஐந்து மணிக்கு மெரினா. கதிரவன் மேற்கே கட்டடங்களின் பின்னே சாய்ந்தபின் மணல் காலைச் சுடாது; கடற்காற்றும் வீசும். நீரோட்டத்தின் வலிமையால் அங்குக் குளித்தல் உயிர்க்கு இடர்; காவலரும் தடுப்பர். ஆதலிற் சிறுவர் கால் நனைத்தலோடு அமைக. மணலில் நடக்க இயலாதார் கடலருகே செல்லுதற்கென 2022ஆம் ஆண்டு நவம்பரில் மரப்பாதையொன்று அமைத்தனர். அடுத்த திங்களே மாண்டஸ் புயலாற் சிதைவுற்ற அதனைப் பின்னர்ச் செப்பனிட்டனர். பட்டணம் பாட்டியாரை எண்ணிப் பாதை போட்டிருக்கின்றது. அவர் வீட்டார் அவரை எண்ணித் திட்டம் போடலாகாதா?

கடற்கரைச் சாலையில், 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவிய சிலைகளுள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவரும் நிற்கின்றனர். 1838ஆம் ஆண்டு சென்னையிற் கரையிறங்கிய கால்டுவெல், பின்னர் நெல்லைச் சீமைக்குக் கால்நடையாகவே புறப்பட்டு, ஊர்தோறும் தங்கி, மக்களையும் மொழியையும் கண்டறிந்து சென்றார். 1856ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ஒப்பிலக்கண நூலைப் பயிலும் நாம், மெல்லச் செல்வோர் மிகுதியும் காண்பர் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

இடங்கள் குறைந்தமையால் மிஞ்சிய பணத்தில், பேருந்தில் இடிபடாமல் வாடகை வண்டி அமர்த்தலாம். ஒவ்வோரிடத்தும் குடிநீரும் கழிப்பிடமும் எங்குள என்பதை முதல்நாளே விசாரித்து அன்னையாரிடம் கூறிவிட வேண்டும். புளிச்சோறு கட்டும் வேலையை அவர்மேற் சுமத்தாது உணவுவிடுதியில் உண்ணலாம். பைகளைச் சுமப்பதும் காப்பதும் இளையோர் முறைவைத்துச் செய்யலாம்.

விட்டவற்றை எண்ணி உள்ளம் வருந்தாதோ எனின், வருந்தும். 1680ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தூய மேரி ஆலயமும், 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றிய தேசியக் கொடியைக் காத்துவரும் அருங்காட்சியகமும் உடைய கோட்டையை விடுவது எளிதன்று. அதனை விடமாட்டாதார் எழும்பூருக்கு ஈடாகக் கோட்டையைக் கொள்ளலாம். அங்கும் அருங்காட்சியகத்திற்கு வெள்ளி விடுமுறையே. தலைமைச் செயலகம் உள்ள இடமாதலின் அடையாள அட்டையும் கொண்டு செல்க. ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை மாற்றிக் கொள்ளலாம். மூன்றை நான்காகக் கூட்டலாகாது.

நண்பர்காள்! வரும் விடுமுறையில் நம்முட் பலர் தாளெடுத்து இத்தகைய திட்டம் எழுதுவோம். இடங்களின் பெயரை எழுதுமுன், உடன்வருவார் ஒவ்வொருவர் பெயரையும் அத்தாளின் தலைப்பில் எழுதுவோமாக. எவர் எவ்வளவு நடக்க வல்லவர், எவர்க்கு எந்த நேரத்தில் மருந்து, எவர் யாது காண விழைகின்றார் என்பனவற்றை அப்பெயர்களின் எதிரே குறிப்போமாக. அதன்பின் எஞ்சும் இடத்திற் பட்டணம் எவ்வளவு அடங்குமோ, அவ்வளவு பட்டணம் நமக்குப் போதும்.