கணப்படுப்புக்கு வெளிக்காற்று: சன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

2024 ஆகஸ்ட் மாதம் கொடைக்கானல் விடுதி ஒன்றில், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இளைஞர்களுள் இருவர் உயிரிழந்தனர். நீலகிரியிலும் இத்தகைய இறப்புகள் நிகழ்ந்துள்ளன. ஒவ்வொரு முறையும், "சன்னலைச் சற்றுத் திறந்து வைத்திருக்கலாமே" என்ற பேச்சு எழுகிறது. அது பாதி மட்டுமே சரி.

நெருப்புக்கு இரண்டு வழிகள் வேண்டும்: காற்று உள்ளே வர ஒன்று, எரிந்த வாயு வெளியேற ஒன்று. சட்டியில் இட்ட கரிக்கு இரண்டாவது வழி இல்லை. புகை அடங்கிய தணல் ஆபத்தற்றது எனப் பலர் எண்ணுகின்றனர்; நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அத்தணலிலிருந்தே மிகுதியாக வெளிப்படுகிறது. எனவே, சன்னல் திறந்திருந்தாலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்தல் கூடாது.

புகைபோக்கியுடன் கூடிய விறகுக் கணப்படுப்பின் நிலை வேறு. ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுமையாக எரிய ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்று தேவை. நடைமுறையில் அதன் இருமடங்கு செலவாகும். பழைய மலை வீடுகளில் கதவு, கூரை இடுக்குகள் வழியே அது கிடைத்தது. இடுக்கின்றி அடைக்கப்பட்ட புதிய வீடுகளில் அவ்வாறு கிடைப்பதில்லை. சமையலறையின் காற்று வெளியேற்றும் விசிறி ஓடினால், புகைபோக்கியில் ஏற வேண்டிய வாயு அறைக்குள்ளேயே திரும்பக்கூடும்.

வெளிச்சுவரிலிருந்து அடுப்பின் காற்று நுழைவாயிலுக்கே உலோகக் குழாய் அமைப்பது இதற்கு உரிய தீர்வு. அறை குளிராது என்பதால், இரவில் யாரும் துணி திணித்து அதனை அடைக்கவும் மாட்டார்கள். குழாயின் வெளிவாய் நெருப்பறையைவிட உயரமாக இருத்தல் கூடாது. இருந்தால் சூடான வாயு அவ்வழியே எதிர்த்திசையில் ஏறக்கூடும். வாகனம் நிறுத்துமிடத்துக்கு அருகிலும் வேண்டா. வாயில் வலை பொருத்தி, சருகும் பறவைக் கூடும் அடைக்காதபடி பார்த்துக்கொள்க. அடுப்பு அதற்கென வடிவமைக்கப்படாதிருப்பின், தாமே துளையிட முயல வேண்டாம்.

நோயாளிகளைக் கவனிப்போருக்கு ஒரு செய்தி. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஏற்பட்டு, வெளியே சென்றதும் குறைந்தால் உணவின் மீது மட்டும் பழி போடாதீர்கள். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினுடன் பிணைகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இவ்வேறுபாட்டை அறியாது. உயிருக்குப் போராடுபவரிடமும் 98 என்று காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பிக் காத்திராமல், அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். அறையில் நெருப்பு எரிந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்; இரத்தப் பரிசோதனைக்கு அத்தகவலே அடிப்படை. கருவுற்ற பெண் நலமாகத் தோன்றினாலும் அவரையும் உடன் அழைத்து வாருங்கள். கருவிலுள்ள குழந்தையின் உடலிலிருந்து இந்த வாயு தாயினும் மெதுவாகவே வெளியேறும்.