காதுக்குத் தெரிந்த நாவல்

களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை. முன்னது தமிழ்நாட்டில், பின்னது கேரளத்தில். இரண்டு ஊர்ப் பெயரிலும் இருப்பது ஒரே 'விளை'. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. மண்ணில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அங்கிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை வரை உள்ள கிராமங்களில், வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் உண்டு. தமிழ் வழியில் படிப்பவர்கள், தமிழை ஒரு பாடமாக மட்டும் வைத்திருப்பவர்கள், பேசத் தெரிந்து எழுத்துக் கூட்டத் திணறுபவர்கள் என்று பல ரகம்.

இவர்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட யாராவது 'தமிழில் ஒரு நாவலை முழுசாகப் படிக்கணும், எதில் தொடங்கலாம்?' என்று மேல் வகுப்பு அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டால், பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்' என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் அது ஐந்து பாகம். சோழ நாட்டுக் கதை. முதல் பாகத்தின் நடுவிலேயே எழுத்துக் கூட்டிக் கூட்டி அலுத்து மூடிவைக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் கூப்பிடு தூரத்தில், அவர்கள் பாட்டி பேசுகிற பேச்சிலேயே எழுதப்பட்ட ஒரு நாவல் இருக்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. வெளிவந்த ஆண்டு 1964. சின்னப் புத்தகம்தான்.

ஒரு பெண் குழந்தை வளர்ந்து பெரியவளாகும் கதை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். லிஸி அவள் பெயர். அவள் தாத்தா, அந்த ஊர் வழக்கில் கண்ணப்பச்சி, பனைவிளைகளுக்குச் சொந்தக்காரர். வீட்டுக்குப் பெயர் புத்தம் வீடு. வீடோ பழையது, குடும்பம் தேய்ந்துகொண்டிருப்பது. மரம் ஏற வரும் அன்பையனின் மகன் தங்கராஜ். இதற்கு மேல் கதையைச் சொல்வது படிக்கப் போகிறவருக்குச் செய்யும் துரோகம். முதல் விதி அதுதான்: கதைச் சுருக்கத்தை முன்கூட்டிக் கேட்காதே. நோட்ஸ் படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது கஷ்டமான விதி.

எல்லைக்கு அந்தப்புறத்து மண்ணின் கதையை எல்லைக்கு இந்தப்புறம் வாழ்ந்தவர் எழுதினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். ஹெப்சிபா 1925இல் பர்மாவில் பிறந்தவர். பூர்வீகம் தென்திருவிதாங்கூர். வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில், ஆங்கிலப் பேராசிரியையாக. கணவர் சி. ஜேசுதாசன் அதே நகரில் தமிழ்ப் பேராசிரியர். இருவரும் சேர்ந்து தமிழ் இலக்கிய வரலாறு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். ஹெப்சிபாவுக்கு 2002இல் விளக்கு விருது கிடைத்தது. 2012இல் மறைந்தார்.

நாவல் வந்ததற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்தான், 1956 நவம்பர் 1இல், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே தங்கிவிட்டது. அதன் நியாய அநியாயம் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதன் நடைமுறைப் பொருள் ஒன்றே ஒன்று: விளவங்கோட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தமிழை எழுதப் படிக்கச் சொல்லித் தந்தது, ஒரு பர்லாங் தள்ளிப் பிறந்தவன் அதைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 2017இல் கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி அங்கே எல்லாப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். மலையாளம் படிப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை, லாபம்தான். அதோடு கூடத் தமிழ் எழுத்தும் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. பேச்சு மட்டும் மிஞ்சி எழுத்து போய்விட்டால், அடுத்த தலைமுறையில் பேச்சும் பாட்டியோடு போய்விடும்.

அதனால்தான் 'புத்தம் வீடு'. இந்த நாவலைப் பொறுத்தவரை எல்லைப் பிள்ளையின் நிலைமை விசித்திரமானது. அவன் காதுக்கு இது தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மதுரையிலோ சென்னையிலோ படிக்கும் மாணவனுக்கு நேர்மாறு. அவன் கண் வரிகளில் சரளமாக ஓடும். உரையாடல் வந்ததும் இடறும். பாத்திரங்கள் பேசுவது தென்திருவிதாங்கூர் பேச்சுத் தமிழ். கதை சொல்லும் குரல் மட்டும் பொதுத் தமிழில் இருக்கும்.

ஆகவே வாய்விட்டுப் படிக்க வேண்டும். இது சின்னப் பிள்ளைகளுக்கான யோசனை என்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எழுத்தாகப் பார்க்கும்போது அந்நியமாகத் தெரியும் ஒரு சொல், வாயில் வந்ததும் அடுக்களைச் சொல்லாகிவிடும். பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இடையில் அவர்கள் சிரிப்பார்கள். 'நாங்க அப்படிச் சொல்லமாட்டோம், இப்படி' என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தம் எந்த அருஞ்சொல் அகராதியையும்விட மேல். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளத்துக்கும் விளவங்கோட்டுத் தமிழுக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். அக்கானி, ஓர்மை, 'மக்களே' என்ற விளி. இது தமிழா மலையாளமா என்று அந்த இடத்தில் நின்று வழக்காட வேண்டியதில்லை. இரண்டும்தான்.

முதல் நாள் பத்துப் பக்கம் போதும். புரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடலாம். உடனே பொருள் தேட வேண்டாம். ஒரு நோட்டில் அந்தச் சொல்லை எழுதி, எதிரே பொருளுக்குப் பதிலாக 'இதை நம்மூரில் யார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்' என்று எழுதுவது பிரயோஜனமான பழக்கம். நோட்டு நிறையும்போது அது ஊரின் சொற்பட்டியலாகவும் ஆகியிருக்கும்.

அடுத்த தடங்கல் பனை. நாவல் முழுக்கப் பனை நிற்கிறது. இன்று பாறசாலையிலிருந்து மலைப்பக்கம் போனால் கண்ணில் படுவது ரப்பர். சமவெளியில் தென்னை, வாழை, மரச்சீனி. பனை உண்டு, ஏறுகிறவர் அரிது. பனையேற்றம் எப்படி நடந்தது என்று தெரியாமல் படித்தால் கதையில் பாதி போய்விடும். பருவ காலத்தில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையின் நுனியை மெல்லச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் அக்கானி. இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகும். இறக்கியதை அன்றே காய்ச்சியாக வேண்டும். அந்த வேலை வீட்டுப் பெண்களுடையது. விறகு தேடி, அடுப்பின் முன் மணிக்கணக்கில் நின்று கிண்டி, பதம் பார்த்து இறக்கினால் கருப்பட்டி. ஒருநாள் கூட நிறுத்த முடியாத உழைப்பு. மரத்திலிருந்து விழுந்தால் உயிர் போகும், அல்லது இடுப்பு. மரம் ஒருவருக்குச் சொந்தம், ஏறுவது இன்னொருவர். இந்த இடைவெளியில்தான் லிஸியின் கதை நடக்கிறது. பழைய பனையேறிகள் சிலர் இன்னும் ஊரில் இருக்கக்கூடும். நாவலைத் தொடங்குமுன் அவர்களில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால் வேறு முன்னுரை தேவைப்படாது.

இங்கே மாணவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. சாதிக் கொடுமை என்றால் மேல்சாதி, கீழ்சாதி என்று இரண்டு தரப்பை எதிர்பார்த்தே பாடப்புத்தகம் பழக்கியிருக்கிறது. இந்த நாவலில் மரத்துக்குச் சொந்தக்காரரும் மரம் ஏறுபவரும் ஒரே சமூகம், ஒரே வேதம். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் நெய்யூரிலும் பாறசாலையிலும் தளம் அமைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய வட்டாரம் இது. தோள்சீலைக்காகப் போராடி, 1859இல் மன்னரின் அறிவிப்பைப் பெற்ற சமூகம். அப்படிப்பட்ட சமூகத்துக்கு உள்ளேயே 'நாம் வேறு, பனையேறி வேறு' என்ற கோடு எப்படி வந்தது? ஹெப்சிபா அதைக் கோஷமாக எழுதவில்லை. யார் திண்ணை வரை வரலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும் என்பதில் வைத்திருக்கிறார். படிக்கும் பிள்ளை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

லிஸி வயதுக்கு வருகிறாள். பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. குடும்ப கௌரவம் அவளை வீட்டுக்குள் உட்கார வைக்கிறது. சங்கப் பாடல் நடத்தும்போது தமிழாசிரியர் 'இற்செறிப்பு' என்று ஒரு சொல் சொல்லிப் பொருள் எழுதிப் போடுவார். இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண்ணின் எத்தனை வருடம் அடங்கியிருக்கிறது என்பது இந்த நாவலில் தெரியும்.

இன்றைய மாணவிகளுக்கு லிஸி மேல் கோபம் வரலாம். ஏன் எதிர்த்துப் பேசவில்லை, ஏன் காத்துக்கொண்டே இருக்கிறாள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'அந்தக் காலம் அப்படி' என்று மழுப்பும் ஆசிரியர் நாவலைக் கொல்கிறார். காத்திருப்பதும் மறுப்பின் ஒரு வடிவமாக இருக்க முடியுமா, அவள் எதற்கெல்லாம் இணங்குகிறாள், எதற்கு மட்டும் இணங்கவில்லை என்று கேட்பதுதான் சரியான வழி. விடை ஒரே மாதிரி வராது. வர வேண்டியதும் இல்லை. லிஸியைக் கடைசி வரை பிடிக்காமலேயே ஒரு மாணவி புத்தகத்தை மூடினாலும் அவள் நன்றாகவே படித்திருக்கிறாள் என்று அர்த்தம்.

எல்லைப் பிள்ளைகளிடம் மட்டும் இருக்கும் இன்னொரு வசதியும் உண்டு. அவர்கள் பஷீரை மூலத்தில் படிக்க முடியும். வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகாலசகி' 1944இல் வந்தது. அங்கேயும் சேர்ந்து விளையாடிய ஒரு பையனும் பெண்ணும், மஜீத், ஸுஹரா. அங்கேயும் பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கிறது. ஸுஹராவின் அப்பா இறந்துபோகிறார், படிக்க வைக்க ஆள் இல்லை. உதவக்கூடிய நிலையில் இருந்த மஜீதின் அப்பா மறுத்துவிடுகிறார். லிஸிக்கு நின்றது கௌரவத்தால், ஸுஹராவுக்கு நின்றது வறுமையால். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது என்று படித்துவிட்டு, எந்தத் தடை கடினமானது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேச விட்டால் போதும். சென்னை மாணவனுக்கும் கோழிக்கோட்டு மாணவனுக்கும் இந்த இரண்டில் ஒன்று மொழிபெயர்ப்பில்தான் கிடைக்கும். பாறசாலைப் பிள்ளை இரண்டையும் நேராகப் படிக்கலாம். இதை ஒரு சலுகையாக அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. இரண்டு மொழியிலும் அரைகுறை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

புகழ மட்டும் செய்தால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நாவலின் பின்பகுதியில் ஒரு கொலை வருகிறது, போலீஸ் வருகிறது. அதுவரை பனை நிழல் மாதிரி மெதுவாக நகர்ந்த கதை திடீரென்று ஓடத் தொடங்குகிறது. சம்பவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. முற்பகுதியின் நிதானம் அங்கே இல்லை. முதல் நாவலிலேயே இவ்வளவு சாதித்தவரிடம் இதைப் பெரிய குறையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் எந்தப் பக்கத்தில் நடை மாறுகிறது என்று கண்டுபிடிப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. கிளாசிக் என்று சொல்லப்படும் புத்தகத்திலும் தளர்ந்த இடம் உண்டு என்று பதினைந்து வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

முடித்தபின் அடுத்தது எது என்று கேட்பவர்களுக்கு நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' இருக்கிறது. 1968. திருவனந்தபுரத்துக்காரர், கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர், 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இரணியல் செட்டிமார் தெருவில் திரவி என்ற பையன் வளரும் கதை. அது கனமான புத்தகம். பேச்சு வழக்கும் இன்னும் அடர்த்தி. 'புத்தம் வீட்'டை வாய்விட்டுப் படித்துப் பழகியவர்களுக்குத் தாங்கும். மற்றவர்கள் பிளஸ் டூ வரை தள்ளிப் போடலாம்.

புத்தகம் கிடைப்பதில் அதிக சிரமம் இருக்காது. காலச்சுவடு பதிப்பகம் மறுபதிப்புக் கொண்டுவந்திருக்கிறது. நாகர்கோவில் பஸ் பிடித்தால் வாங்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தின் வழியில் வளர்ந்த கிராம நூலகங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. அவற்றில் தமிழுக்கு ஒரு தட்டு உண்டா என்று போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது 'புத்தம் வீடு' இரண்டு பிரதி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். பணிக்கர் நினைவாக ஜூன் 19ஐ வாசிப்பு நாளாகக் கேரளப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. அன்று மேடையேறி வாசிக்க வேண்டிய பக்கம் மலையாளத்தில்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.