நெத்திலி செய்த கொலை

ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) பார்த்துவிட்டு காக்காயைக் கண்டாலே ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. படத்துக்குத் தீனி போட்டதில் ஒரு நிஜச் சம்பவமும் சேர்த்தி. 1961 ஆகஸ்ட் 18, விடியற்காலை. கலிஃபோர்னியாவின் கேப்பிடோலாவில் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாக வீடுகள் மேல் மோதி விழுந்தன. ஹிட்ச்காக் உள்ளூர் பேப்பருக்கு போன் போட்டு விவரம் கேட்டார். காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை.

துப்பு கிடைத்தது 1987-ல், கனடாவில். பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைச் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். சிலருக்கு ஞாபகம் போச்சு, போனது போனதுதான்.

குற்றவாளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கடல் பாசி. பெயர் சூடோ-நிட்ஷியா (நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பில்லை). அது சுரக்கும் டொமோயிக் அமிலம், நம் மூளையிலிருக்கும் குளூடமேட் மாதிரியே வேஷம் போடும். ஏமாந்த நரம்பு செல் கதவைத் திறக்க, கால்சியம் வெள்ளமாய்ப் புகுந்து ஆளையே முடித்துவிடும். ஞாபகத்தைச் சேர்க்கிற ஹிப்போகேம்பஸ் பகுதிக்குத்தான் அடி அதிகம். சிப்பியை முகர்ந்தாலும் தெரியாது, வேகவைத்தாலும் விஷம் போகாது.

1961-ல் அந்தக் கடலில் பிடித்துப் பத்திரப்படுத்திய மிதவை உயிரிகளின் வயிற்றைப் பிற்பாடு ஆராய்ந்தார்கள். முடிவு 2012-ல் வெளிவந்தது. உள்ளே அதே பாசி! அதுகளைத் தின்றது நெத்திலி, நெத்திலியைத் தின்றது பறவை. ஹிட்ச்காக்கின் பறவைகளுக்காவது மனுஷன் மேல் கோபம். நிஜப் பறவைகளுக்குப் பாவம், ஃபுட் பாய்சன்.