பிரிக்கப் பிரிக்க ஆறுமா?

கொதிக்கிற ரசத்தைக் கையில் கவிழ்த்துக்கொண்ட இரண்டு வயதுக் குழந்தைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ‘நான்கு நாள் கழித்து வந்தால் போதும்’ என்று சொல்லிப் பாருங்கள். அக்கறையில்லாத டாக்டர் என்று பெயர் வந்துவிடும். தினமும் வரவழைத்து, கட்டைப் பிரித்து, தேய்த்துக் கழுவி, வெள்ளைக் களிம்பை அப்பி அனுப்புகிறவர்தான் நமக்குக் கைராசிக்காரர். இதற்கும் மூத்த நம்பிக்கை ஒன்று உண்டு: புண்ணை மூடவே கூடாது, காற்றாட விட்டால்தான் காயும், காய்ந்தால்தான் ஆறும்.

காய்வது வேறு, ஆறுவது வேறு. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார்; மற்றவற்றைத் திறந்தே விட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. புதுத்தோலின் செல்கள் ஈரத்தில்தான் நகரும். பொருக்குத் தட்டிவிட்டால் அதற்கு அடியில் ஈரம் தேடி இறங்கவேண்டும். காய்ந்து ஒட்டிய காஸ் துணியைத் தினமும் பிய்க்கும்போது முந்தின நாள் படர்ந்த தோலும் கூடவே வருகிறது. குழந்தை அலறுகிறது, ‘மருந்து எரியும், பொறுத்துக்கோ கண்ணு’ என்கிறோம்.

அந்த வெள்ளைக் களிம்பு சில்வர் சல்ஃபாடயசின். 1960-களின் இறுதியில் வந்தபோது பெரிய தீக்காயங்களின் கிருமித்தொற்றை எதிர்க்கப் பெரிதும் கைகொடுத்தது. அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் கொப்புளம் போட்ட மேலோட்டமான காயத்தில், சிலிக்கோன் பூசிய வலை போன்ற புதிய கட்டுகளைவிட ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதே 2013-இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு தொகுத்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. போதாக்குறைக்கு, புண்மேல் மஞ்சள் ஏடு படிந்து காயத்தின் ஆழத்தை மறைக்கும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குப் போடவே கூடாது.

‘அதெல்லாம் பணக்காரக் கட்டு’ என்பார்கள். புதிய கட்டுகளில் வெள்ளி கலந்த தாள்களின் விலை அதிகம்தான். ஆனால் ஒரே கட்டு பல நாள் தாங்குகிறது. தினக் கட்டின் ஆட்டோ செலவையும் போன கூலியையும் யார் கணக்கில் எழுதுவது? பாரஃபின் காஸோ விலை குறைந்தது. கொலாஜன் தாள் நம் மருத்துவமனைகளுக்குப் பழக்கமானதுதான். மும்பையில் கோரே, அகோலேகர் என்ற மருத்துவர்கள் வாழை இலையைக் கிருமிநீக்கித் தீக்காயக் கட்டாகவே பயன்படுத்தி 2003-இல் எழுதினார்கள். ஒட்டாது, உரித்தால் வலிக்காது. தீப்பட்டவரை வாழை இலையில் கிடத்திய நம் பாட்டிகள் பாதி சரி! (கொல்லையில் அறுத்த இலையை அப்படியே சுற்றிவிடாதீர்கள்.) சுட்ட இடத்தில் பூசும் பற்பசை, பேனா மை பற்றிப் பேசப் போவதில்லை; இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டியிருந்தால் அவை தேவைப்பட்டிருக்காது.

நாள் வரும் முன்னே கட்டைத் திறக்கவேண்டிய நேரமும் உண்டு: காய்ச்சல், வாடை, கட்டு ஊறி வழிவது, குழந்தை சோர்ந்து பால் மறுப்பது. சின்னக் காயம்தானே என்று இருக்கக்கூடாது. அதிலிருந்தும் குழந்தைகளுக்குக் கிருமி நச்சு உடலெங்கும் ஏறலாம். காயம் வெளுத்தோ கருகியோ இருந்து தொட்டாலும் வலிக்காவிட்டால், எந்தக் கட்டு என்ற விவாதமே வேண்டாம். அது தோல் ஒட்டும் அறுவை மருத்துவர் அன்றே பார்க்கவேண்டிய காயம்.