வெண்ணெய் கையில் இருக்க நெய்க்கு அலைவதா?

தொலைபேசி பட்டினத்துச் செல்வர் வீட்டு அலங்காரப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. மண்வெட்டியைப் போல அதுவும் இன்று கமக்காரனின் கைக்கருவி. பயிரில் கபிலநிறத் தத்தி கண்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920ஆம் இலக்கத்தை அழைக்கவும், நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் 1990ஐ அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்கவும் அதுவே வேண்டும். அக்கருவி வீட்டுக்குள்ளே ஊமையாகி, வயல் வரம்பிலே மட்டும் வாய் திறக்குமாயின், மாதந்தோறும் நாம் கட்டும் பணம் எதற்கு?

அக்கராயன் குளத்தையும், அதனைச் சூழ்ந்த காட்டையும் வயல்வெளியையும் அறிந்தவர்க்குக் காரணத்தை விளக்கவேண்டுவதில்லை. கோபுரத்தை விட்டு விலக விலக அலை மெலிகின்றது. மரச்செறிவு அதனை உறிஞ்சுகின்றது. எஞ்சியதைத் தகரக் கூரையும் கொங்கிறீற்றுச் சுவரும் மறிக்கின்றன. பட்டினத்தில் நூறு யார் நடந்தால் மற்றொரு கோபுரம் தெரியும். சனம் ஐதாக வாழும் வன்னியிலோ இலாபக் கணக்குப் பார்த்தே கோபுரம் முளைக்கின்றது.

இந்நோய்க்கு மருந்து இல்லையா? உண்டு. வீட்டிலுள்ள வைஃபை இணையத்தின் வழியாகவே, நமது சொந்தக் கைபேசி இலக்கத்தில், வழமைபோல அழைக்கவும் அழைப்பை ஏற்கவும் இயலும். கைபேசி இணையத்தினூடாகத் தன் கம்பெனியின் நிலையத்துக்கு ஒரு மறைகுறிப் பாதை அமைக்கின்றது. கம்பெனியும் அதனைத் தன் கோபுரத்தினூடாக வந்த அழைப்பைப் போலவே நடத்துகின்றது. குளம் ஒன்று, வாய்க்கால் இரண்டு என்பதே இதன் தத்துவம். பெருவாய்க்கால் அடைபட்டால் கிளைவாய்க்காலால் நீர் பாய்ச்சத் தெரிந்த கமக்காரனுக்கு இது புரியாத வித்தையன்று. ஒரு பேச்சுக்கு விநாடிக்கு நூறு கிலோபிற் வேகமே தாராளம். கூரைக்கு மேலே கம்பத்தில் அன்ரெனா கட்டி மெலிந்த அலையைப் பிடிக்கும் ரவுட்டரும் இதற்குப் போதும்.

இது நேற்று முளைத்த புதுமையுமன்று. அமெரிக்காவில் ரி-மொபைல் கம்பெனி 2007ஆம் ஆண்டிலேயே இதனை நாடெங்கும் வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் எயார்ரெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 சனவரியிலும், தனிக் கட்டணம் எதுவுமின்றி, இதனைத் தொடங்கின. பாக்கு நீரிணைக்கு அப்பால் உழவனுக்குக் கிடைப்பது இப்பால் உள்ள உழவனுக்கு உரிமையாகக் கூடாதா?

"வட்ஸ்அப் இருக்கின்றதே, இது எதற்கு?" என்று கேட்கும் அறிவாளிகள் நம்மிடையே உளர். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம்: வட்ஸ்அப்பில் 1990ஐ அழைக்க முடியுமா? வங்கிக்கோ பொலிசுக்கோ சாதாரணத் தொலைபேசி மட்டுமே உள்ள அலுவலகத்துக்கோ பேச முடியுமா? ரொறன்ரோவில் இருக்கும் மகனின் முகம் கண்முன் தெரிகின்றது. கிளிநொச்சியில் இருக்கும் வைத்தியசாலையோ காதுக்கு எட்டவில்லை! மேலும், 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இந்நாட்டு அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது வட்ஸ்அப்பும் கூடவே முடங்கியது. ஆள்வோர் நினைத்தால் நிற்கும் ஒன்றை நம்பி நோயாளியின் உயிரை விடலாமா?

"இது கம்பெனிகளின் வியாபாரம், அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்பது இன்னொரு சாராரின் வாதம். அலைவரிசை கம்பெனிகளின் பாட்டன் சொத்தன்று, பொதுமக்களின் சொத்து. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும், அதனைக் கண்காணிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அதற்காகவே உள்ளன. வைஃபை அழைப்பிலோ, வீட்டிலிருந்து கம்பெனி வரையுள்ள பாதைக்கு இணையக் கட்டணம் செலுத்துபவன் பாவனையாளனே. தன் செலவிலே வாய்க்கால் வெட்டியவனிடம் நீர்வரி இருமடங்கு அறவிடுவது எந்த ஊர் நியாயம்?

குறைகளை நாம் மறைக்கவில்லை. மின்சாரம் நின்றால் வைஃபையும் நிற்கும். ரவுட்டருக்கு ஒரு சிறு மின்கலம் வேண்டும். அவசர அழைப்பு வரும்போது, எந்தக் கோபுரத்தின் எல்லையிலிருந்து வருகின்றது என்ற குறிப்பு கிடையாது. அமெரிக்காவில் இச்சேவையைத் தொடங்குமுன் பாவனையாளன் தன் முகவரியைப் பதியவேண்டும் என்று விதித்துள்ளனர். அதே விதியை இங்கும் வைத்தால் வண்டி வழிதவறாது. தீர்க்கக்கூடிய குறையைக் காட்டித் தீர்வையே தள்ளிவைப்பது சோம்பேறியின் தந்திரம்.

ஆகவே, நமது கோரிக்கைகள் நான்கு. வைஃபை அழைப்பை எல்லாக் கம்பெனிகளும், அதற்கு இயலுமான எல்லாக் கைபேசிகளுக்கும், தனிக் கட்டணமின்றி வழங்கவேண்டும் என்பதை உரிமப்பத்திர நிபந்தனையாக்க வேண்டும். இணையம் எந்தக் கம்பெனியுடையதாயினும் அழைப்பு செல்லவேண்டும். வங்கிகள் அனுப்பும் இரகசிய இலக்கக் குறுஞ்செய்திகளும் அவ்வழியே வந்து சேரவேண்டும். கிராமத்து வைத்தியசாலை, பாடசாலை, கமநல சேவை நிலையம் ஆகியவற்றின் வைஃபை, அவசரத்துக்கு ஓடிவரும் எவர்க்கும் திறந்திருக்கவேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் தொலைபேசித் தொடர்பின்றி நீண்ட காலம் கிடந்த மண் இது. அன்று யுத்தத்தைக் காரணங் காட்டினார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்த 2009க்குப் பின்னும் வீட்டுக்குள் கைபேசி ஒலிக்கவில்லையென்றால் எதனைக் காரணங் காட்டுவார்கள்? பாராளுமன்றத்திலே முழங்கும் நமது பிரதிநிதிகள் இந்த நான்கு கோரிக்கைகளையும் நான்கு கேள்விகளாக்கிச் சபையில் எழுப்பட்டும். பொறியியலாளரும் வைத்தியரும் ஆசிரியரும் கமக்கார அமைப்புகளோடு சேர்ந்து ஆணைக்குழுவுக்கு மகஜர் அனுப்பட்டும். எந்த வீட்டில் எந்த அறையில் கைபேசி ஊமையாகின்றது என்பதை ஊர்வாரியாக எழுதி அதனோடு இணைக்கட்டும்.

தானே வரும் என்று காத்திருந்தவன் வயலுக்குத் தண்ணீர் வந்ததில்லை. வாய்க்காலை வெட்டியவன் வயலுக்கே வந்தது. அக்கராயன் மக்களுக்கு அதனை யாரும் கற்பிக்கவேண்டியதில்லை!