பனிமலைக்குப் பக்தி மட்டும் போதும்னு சொல்லாதீங்க

டிசம்பர் துங்கநாத் பயணத்துக்குப் பேர் கொடுக்கச் சொல்லி ஆலய வாட்ஸ்அப் குழுவுல போஸ்டர் வந்திருக்கு. பணம் எவ்வளவு, டீ-சட்டை என்ன அளவு, எல்லாம் இருக்கு. எப்படித் தயாராகணும்னு ஒரு வரி கிடையாது. கேட்டா, "சிவன் பார்த்துக்குவாருண்ணே"ன்னு பதில் வருது. தொண்டர்கள் நாங்க சில பேர் இதை ஏத்துக்க மாட்டோம்.

ஒரு விஷயம் தெரியுமா? பனிக்காலத்துல துங்கநாத் கோயில் நடையே சாத்திடுவாங்க. உற்சவ மூர்த்தியைக் கீழ மக்குமத் கிராமத்துக்குக் கொண்டு வந்து அங்கதான் பூசை. சாமியே இறங்கிடுற காலத்துல நாம செருப்பு மாதிரி ஒரு ஜாகிங் ஷூவைப் போட்டுக்கிட்டு ஏறப் போறோம்!

துங்கநாத் 3,680 மீட்டர். நம்ம குனோங் லேடாங் 1,276 தான். பத்துமலை 272 படியை மூச்சு வாங்காம ஏறுறோம்னு பெருமை பேசுறவங்க காலைப் பத்தி மட்டும்தான் பேசுறாங்க, காத்தைப் பத்திப் பேசலை. தொழிற்சாலையில தொட்டிக்குள்ள ஆளை இறக்கணும்னா முதல்ல மீட்டர் வச்சுப் பார்ப்போம். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழ இருந்தா யாரையும் விட மாட்டோம். மலை உச்சியில காத்தழுத்தம் குறைவு. அங்க மூச்சு விடுறது, இங்க 13, 14 விழுக்காடு ஆக்சிஜன்ல நிக்கிற மாதிரி. மெதுவா ஏறினா உடம்பு பழகிக்கும். ஆனா போஸ்டர்ல என்ன போட்டிருக்கு? காலையில டெல்லி, ராத்திரி சோப்டா, மறுநாள் விடியக்காலை ஏற்றம். பழக நேரம் எங்க?

போன வருசம் எங்க கண்ணு முன்னாடி நடந்தது. கூட வந்த பெரியவர் ஒருத்தருக்குத் தலைவலி, வாந்தி. பிரஷர் மாத்திரை சாப்பிடுறதையே அவர் யார்கிட்டயும் சொல்லலை, விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயம். நாங்க என்ன செஞ்சோம்? "ஓம் நமசிவாய சொல்லிக்கிட்டே நடங்க ஐயா"ன்னு சொன்னோம். கொஞ்ச நேரத்துல குடிச்சவர் மாதிரி தள்ளாட ஆரம்பிச்சுட்டார். உள்ளூர்ப் பையன்கள் ரெண்டு பேர்தான் "கீழ, கீழ"ன்னு சத்தம் போட்டுத் தோள்ல தாங்கி இறக்கினாங்க. இறங்க இறங்கத் தெளிஞ்சார். இதைக் கூட்டத்துல பேசவே இல்ல, போட்டோ மட்டும் போட்டோம். எங்க மேலயும் தப்பு இருக்கு.

காவடி எடுக்க 48 நாள் விரதம் இருக்கிற ஜனம் நாம. பனிமலைக்கு மட்டும் ஏன் விரதம் இல்ல? மூணு மாசம் முன்னாடியே முதுகுல பையை மாட்டிக்கிட்டு மேடு ஏறிப் பழகணும். டாக்டரைப் பார்க்கணும், உயரத்துக்கான மாத்திரையை அவர் சொன்னா மட்டும் எடுக்கணும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாங்கன்னு போடக்கூடாது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேணாம். வேர்வையில நனைஞ்சா காயாது, குளிர் எலும்புக்குள்ள போகும். கம்பளி உள்ளாடை, அதுக்கு மேல ஃபிளீஸ், காத்துப் புகாத ஜாக்கெட், ரெண்டு ஜோடி கையுறை, உறைபனியில வழுக்காம இருக்க பூட்ஸ் அடியில மாட்டுற இரும்புப் பல். "ஒரு பெக் போட்டா சூடா இருக்கும்"னு சொல்ற தம்பிகளே, அது தோலுக்குத்தான் சூடு, உடம்போட உள்சூடு வெளிய போயிடும்.

செலவு கூடும்னு சொல்றாங்க. டீ-சட்டைக் காசை எடுத்து ஊக்கிமத்துல ஒரு ராத்திரி, சோப்டா பக்கம் இன்னொரு ராத்திரி கூடுதலா தங்கலாமே. பனிக்காலத்துல கேதார்நாதருக்குப் பூசை நடக்கிறதே ஊக்கிமத்துலதான். ஏற முடியாதவங்க அங்கயே தரிசனம் பண்ணலாம், அது ஒண்ணும் குறைஞ்ச தரிசனம் இல்ல.

இதை மாத்துற வரைக்கும் நாங்க பேர் கொடுக்க மாட்டோம், பணமும் வசூலிக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு சமையல்கட்டுப் பக்கம் இருப்போம். பேர் கொடுத்தவங்க சாப்பிடுற மருந்துப் பட்டியலோட வாங்க. பூட்ஸ் வாங்கிட்டீங்கன்னா அதைப் போட்டுக்கிட்டே வாங்க, கடிக்குதான்னு இப்பவே தெரிஞ்சுடும்.